ஒரு பந்தல், இரண்டு தாலி

போன செவ்வாய்க்கிழமை காலை முழுவதும் நானும் என் தங்கை மலரும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு கண் வைத்தியரின் காத்திருப்பு அறையில் இருந்தோம். பலாலி வீதியில் பஸ் போகும்போதெல்லாம் அந்த அறையின் கண்ணாடிக் கதவு அதிரும். மலருக்குக் கண்மணி விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். தாதி வந்து வந்து இன்னும் இரண்டு சொட்டு விட்டுப் போனாள். எங்கள் வயதில் காத்திருப்பதும் ஓர் உத்தியோகம்தான். லீவு மட்டும் கிடையாது.

சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இந்தியச் செய்தி. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, வயலின் வாசிப்பவள், டில்லியில் தேசிய விருது வாங்குகிறாள். சேலைக் கரையை மிதித்துவிடக் கூடாதே என்று குனிந்து பார்த்துப் பார்த்து மேடையேறினாள். பிறகு அவள் வாசித்ததில் ஒரு துண்டைப் போட்டார்கள். ராகம் சாவேரி.

எதிரே இருந்த ஓர் அம்மா, "உந்த வயசிலை என்ரை பேத்தி போனை மட்டும்தான் தடவுறாள்" என்றார். அறை சிரித்தது. மலர் சிரிக்கவில்லை. மருந்தால் படம் அவளுக்கு மங்கல். தலையைச் சரித்துக் காதை மட்டும் கொடுத்திருந்தாள்.

"நல்ல கை" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எனக்கு உந்தக் கை இல்லை அண்ணை. அதுதான் அவங்கள் என்னை எடுக்கேல்லை" என்றாள்.

வருத்தமாகச் சொல்லவில்லை. இந்த முறை மழை பிந்திப்போச்சு என்று சொல்வதுபோலச் சொன்னாள். ஐம்பது வருடமாக இடைக்கிடை அவள் இதைச் சொல்வதும் நான் கேட்டுக்கொண்டிருப்பதும் வழக்கம். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

சாவேரி என்றால் எனக்கு வெங்காயம் மணக்கும். சங்கீதம் தெரிந்தவர்கள் மன்னிக்க வேண்டும். பண்டத்தரிப்பில் எங்கள் ஐயா வெங்காயச் செய்கைக்காரர். விதை வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலுக்குள் தூக்கியிருப்பார். வீட்டில் வாசித்தால் ஐயாவின் மத்தியான நித்திரை குழம்பும் என்று மலர் அந்தக் கொட்டிலுக்குள் சாக்கை விரித்து உட்கார்ந்து சாவேரி வாசிப்பாள். தலைக்கு மேலே வெங்காயம், மடியில் வயலின். வில்லுக்குப் பூசும் ரோசின் மணமும் வெங்காய மணமும் சேர்ந்து அவள் சட்டையிலேயே ஊறியிருக்கும். "சங்கீத வித்துவான் வாறா, சம்பலுக்கு ஆயத்தம்" என்று நான் பகிடி பண்ணுவேன். அவள் வில்லால் அடிக்க வருவாள்.

அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது சென்னையில் ஒரு சங்கீதக் கல்லூரிக்கு யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளைத் தெரிவு செய்தார்கள். விண்ணப்பத்தை நிரப்பியது நான். ஆங்கிலம் தெரிந்தவன், கணித ஆசிரியன், வீட்டில் படித்தவன் என்று பெயர் எடுத்தவன். பதில் தவறாமல் வரட்டும் என்று நான் படிப்பித்த பள்ளிக்கூடத்து விலாசத்தையே கொடுத்தேன். தெரிவுக்கு வந்த பெரியவர் மற்றப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார். மலரை இருபது நிமிடம் வாசிக்கவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் வயலின் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு யன்னலால் பார்த்துச் சிரித்தபடி வந்தாள்.

இந்த இடத்தில் நெல்லியடிக்குப் போகவேண்டியிருக்கிறது. ஊருக்கு மாற்றம் கிடைக்குமுன் என் முதல் நியமனம் அந்தப் பக்கம். அங்கேதான் வதனியைக் கண்டேன். பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்துவைக்கவே இரண்டு தரிப்பு முன்னே நடந்துபோய் ஏறிய மனிதன் நான். தரகரிடம் சொல்லிவிட்டேன். அவர் போய் வந்து வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சொன்னார்:

"தம்பி, அவைக்கு முழுச் சம்மதம். ஆனால் மாத்துச் சம்பந்தமெண்டால்தான் தருவினமாம். பெட்டையின்ரை தமையன் ஓவசியர். உம்மடை தங்கச்சியை அவனுக்குக் குடும். ஒரு பந்தல், ரெண்டு தாலி. சமையல்காரனுக்கும் அலைச்சல் இல்லை."

மாற்றுச் சம்பந்தம் என்றால் இந்த வீட்டு அண்ணனும் தங்கையும் அந்த வீட்டுத் தங்கையையும் அண்ணனையும் கட்டுவது. எங்கள் பக்கத்தில் சாதாரணமாக நடப்பதுதான். எப்படியும் தங்கையை வைத்துக்கொண்டு தமையன் முதலில் கலியாணம் செய்யமாட்டான். மலர் சென்னைக்குப் போனால் நான்கு வருடம். நெல்லியடியில் நான்கு வருடம் பொறுக்கமாட்டார்கள். ஐயாவைக் கேட்டேன். "படிச்சவன் நீ. நீயே யோசிச்சுச் செய்" என்றார்.

அந்தக் கிழமையே கடிதம் வந்தது. பள்ளிக்கூட இடைவேளையில் உடைத்தேன். மலரை எடுத்திருந்தார்கள். மடக்கை அட்டவணைப் புத்தகத்துக்குள் அதை வைத்து மூடிவிட்டுப் பின்னேரம் சைக்கிளில் வீட்டுக்குப் போனேன். கொட்டிலுக்குள் வாசித்துக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் வில்லை நிறுத்தினாள்.

"கடிதம் வந்ததே அண்ணை?"

"வந்தது. இடம் இல்லையாம். வாசிப்புக் காணாதாம்."

இடம் இல்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அடுத்த வருடமும் எழுதிப் பார்ப்போம் என்பாள். அதனால்தான் வாசிப்புப் போதாது என்ற இரண்டாவதையும் சொன்னேன். யோசித்தே சொன்னேன். கல்லூரிக்கு, அவள் வரவில்லை என்று என் கையெழுத்தில் பதில் போட்டேன்.

ஆவணியில் ஒரே பந்தலில் இரண்டு தாலியும் ஏறின. மலரின் கணவர் நல்ல மனிதர். வயலினுக்கு அவர் ஒரு தடையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது அவளுக்குக் கோபிக்க ஓர் ஆள் இருந்திருக்கும். இரண்டு நவராத்திரிக்கு வாசித்தாள், பிறகு விட்டுவிட்டாள். கேட்டால், "காணாத வாசிப்பை ஏன் ஊருக்குக் காட்டவேணும்?" என்பாள். அந்த இருபது நிமிடத்துக்கும் அவளே ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தாள்: பெரியவர் பிழை எண்ணுவதற்காகத்தான் அவ்வளவு நேரம் விட்டாராம்.

வதனி இருக்கும்வரை என்னால் வாய் திறக்க முடியவில்லை. சொன்னால் பழி எங்கள் கலியாணத்தின் மேல் அல்லவா விழும்? அப்படிச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அவள் போய் மூன்று வருடமாகிறது. மலரின் கணவர் அதற்கு முன்பே போய்விட்டார். இந்த மூன்று வருடத்துக்கும் என்னிடம் சாட்டு ஒன்றும் இல்லை. களைப்புத்தான்.

தொலைக்காட்சியில் அந்தப் பெண்ணின் வாசிப்பு முடிந்து சவர்க்கார விளம்பரம் வந்தது. நான் சொன்னேன்.

"மலர், அவங்கள் உன்னை எடுத்தவங்கள். நான்தான் மறைச்சனான். வாசிப்புக் காணாதெண்டது என்ரை பொய்."

அந்த நேரம் பார்த்துத் தாதி வந்தாள். மலர் முகத்தை நிமிர்த்திக் கொடுத்தாள். இரண்டு சொட்டு. கன்னத்தில் வழிந்ததைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டு கண்ணை மூடியபடி இருந்தாள்.

"வதனி மச்சாளுக்குத் தெரியுமே?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"ம்." வீதியில் ஒரு பஸ் போனது. "கடிதத்திலை என்னெண்டு எழுதியிருந்தவங்கள்?"

"எடுத்திருக்கெண்டு."

"அது சரி. என்ரை வாசிப்பைப் பற்றி ஏதும்?"

இருந்தது. தட்டச்சுக்குக் கீழே அந்தப் பெரியவர் தன் கைப்பட நீல மையில் இரண்டு வரி எழுதியிருந்தார். எழுதியிருந்தது ஞாபகம், என்ன எழுதியிருந்தார் என்பது ஞாபகம் இல்லை. எந்தத் திகதிக்குள் பதில் போடவேண்டும் என்பதையே அன்று என் கண் தேடியது. யுத்தத்தில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது என் சான்றிதழ்களையும் காணி உறுதியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்; கடிதம் இருந்த புத்தகத்தோடு மற்றப் புத்தகங்களையும் விட்டுவிட்டேன். திரும்பிப் போனபோது கூரையில்லை, நிலைகளில்லை, வெங்காயக் கொட்டில் நின்ற இடமும் தெரியவில்லை. எழுதிய பெரியவரும் இன்று இருக்கமாட்டார்.

ஏதாவது நல்ல வசனமாக இரண்டு வரி சொல்லிவிட நா எழுந்தது. எனக்குத் தமிழ் வரும். ஆனால் அந்தக் கடிதத்தைப் பற்றி ஒருமுறை பொய் சொன்னவன் நான்.

"ரெண்டு வரி எழுதியிருந்தவர். ஞாபகம் இல்லை" என்றேன்.

மலர் கண்ணைத் திறந்து நான் இருந்த பக்கம் பார்த்தாள். அந்த மருந்துக்குள் என் முகம் தெரிந்திருக்காது.

"ரெண்டு வரிதானே அண்ணை" என்றாள். "அதையெண்டாலும் ஒழுங்காய் வாசிச்சிருக்கலாம்."