ஃபிளோரா டீச்சரின் உள் கம்ப்யூட்டர்

பழுது என்று சொல்லிக்கொண்டு எந்தப் பொருளும் ஃபிளோரா டீச்சரிடமிருந்து தப்பிக்க முடியாது. பள்ளிக்கூடத்து மின்சார மணி முதல் தலைமையாசிரியை அறை மின்விசிறிவரை அவள் கழற்றிப் பார்க்காதது கிடையாது. கணக்கு டீச்சருக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதே இல்லை. மணி அடித்தது, விசிறி சுற்றியது, அப்புறம் என்ன பேச்சு?

கடற்கரை ஊரில் தோணிக்காரர் வீட்டில் பிறந்தவள். பாளையங்கோட்டையில் படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள், ஒரு நாள் அந்த வேலையை உதறிவிட்டுச் சமாதானபுரத்தில் கம்ப்யூட்டர் அச்சுக்கோப்புக் கடை போட்டாள். உடன் வந்தது தமிழ் டீச்சர் ராஜாம்பாள். கல்லிடைக்குறிச்சிக்காரி, பஞ்சாங்கம் பார்க்காமல் ஊறுகாய்கூடப் போடமாட்டாள். பிழை திருத்துவதில் மட்டும் அவளை அசைக்க முடியாது. வேலையை விட்டபிறகும் இருவரும் ஒருவரையொருவர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

கடையில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். வருகிறவர்கள் கொண்டுவரும் ஃபிளாப்பியில் எல்லாம் வைரஸ். விண்டோஸ் மூன்று தடவை படுத்துவிட்டது. பெங்களூரில் வேலை பார்த்த ஃபிளோராவின் தம்பி கிளமென்ட் ஒரு வழி சொன்னான். கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, அதன் மேல் ஒரு மென்பொருளைப் போட்டால், திரையில் ஒரு ஜன்னலுக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் ஓடும். விண்டோஸும் தமிழ் எழுத்துருவும் அதற்குள் பத்திரமாக இருக்கும். டீச்சர்கள் அதற்கு உள் கம்ப்யூட்டர் என்று பேர் வைத்தார்கள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஃபிளோராவுக்கு ஊர் மாதா கோயில் திருவிழா மலர் கிடைத்தது. சும்மா கிடைக்கவில்லை. அதுவரை மதுரைக்குப் போய்க்கொண்டிருந்த வேலை. கமிட்டிக் கூட்டத்தில் ஆண்களுக்கு நடுவே எழுந்து நின்று கேட்டு வாங்கினாள். ரெண்டு பொம்பளைங்க சேர்ந்து என்னத்தைக் கிழிச்சிரப் போறாங்க என்று அன்று ஒருவர் சிரித்தது அவள் காதை விட்டுப் போகவில்லை. மலர் வராமல் கொடி ஏறினால் அப்புறம் அவள் ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது.

பக்கமெல்லாம் முடிந்து, அச்செடுக்கும்போதுதான் வில்லங்கம். பிரிண்டருக்கு அனுப்பினால் உள் கம்ப்யூட்டர் உறைந்துபோய் நின்றது. புதுப் பதிப்பு போட்டால் சரியாகும் என்று கிளமென்ட் சிடி அனுப்பினான். வேலை கையில் இருக்கும்போது யாராவது இதில் கை வைப்பார்களா? வைத்தாள். அச்சு வராத மலரை வைத்துக்கொண்டு வேறு என்னதான் செய்வது?

வியாழக்கிழமை புதுப் பதிப்பைப் போட்டாள். அவ்வளவுதான், உள் கம்ப்யூட்டர் திறக்கவே இல்லை. பதிப்பு பொருந்தவில்லை என்று ஒரே வரி. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அதே வரி. பழையதைப் போட்டால், இந்த மாற்றத்துக்குப் பிறகு அதுவும் முரண்டு பிடித்தது. மலரின் பக்கங்கள் அத்தனையும் அதன் வயிற்றுக்குள்.

வெள்ளிக்கிழமை காலை கமிட்டித் தலைவர் தொம்மை பக்கங்களை வாங்கிச் சிவகாசி கொண்டுபோக வந்து உட்கார்ந்தார்.

"என்ன புள்ள, பக்கமெல்லாம் கட்டி வச்சிட்டியா?"

"கொஞ்சம் மக்கர் பண்ணுது மாமா. பாக்குதேன்."

"பாரு, பைய பாரு. மத்தியான பஸ்ஸுக்கு நான் போவணும். இல்லன்னா போன வருசத்து மலருக்கு அட்டைய மாத்தி மதுரையில அடிச்சிருவோம். வேற என்ன செய்ய?"

அவர் கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. அந்த அமைதிக்குப் பயந்தே ஃபிளோரா சிடியை மறுபடி உள்ளே தள்ளினாள்.

நான்காவது தடவை போடும்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த மென்பொருளில் ஒரு துண்டு உண்டு. அதை அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே புதிதாகச் சமைக்க வேண்டும். போன தடவை அது சமைந்து முடிவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டாள். இப்போதோ கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடுகிறது. இது சமைக்கவே இல்லையே. பழைய சோற்றையே எடுத்து வைக்கிறது!

அவள் கோப்புகளின் தேதியைப் பார்த்தாள். பழைய துண்டு ஆனிக் கடைசியில் சமைத்தது. நேற்று போட்ட புதுக் கோப்புகளோ அதற்கும் முந்திய தேதியில் இருந்தன. சமைக்கிற நிரலுக்குத் தேதிதான் கணக்கு. கோப்பைவிடத் துண்டு புதுசாக இருந்தால் அதைத் தொடாது. கம்ப்யூட்டரின் தேதியைக் கேட்டாள். ஆனி நடுவில் நின்றது.

"கடிகாரப் பேட்டரி போயிட்டா? மணி சரியாத்தான காட்டுது. தேதி மட்டும் எப்படி?"

பின்னால் ராஜாம்பாள் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"நான்தான் டீச்சர் மாத்தினேன். நேத்திக்குக் காலம்பற, நீங்க வரதுக்கு முன்னாடி."

"எதுக்கு?"

"ஆடி பொறந்துடுத்தே. புதுசா எதுவும் தொடங்கப்படாதுன்னு... உங்க ஊருக்கு நீங்க செய்யற முதல் காரியம். என் கடையா மட்டும் இருந்தா விட்டிருப்பேன். உங்களுக்கு ஒண்ணும் ஆயிடப்படாதேன்னு ஆனியில ஒரு முகூர்த்த நாளா பாத்து வெச்சேன்."

ஃபிளோராவுக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு பகல், ஒரு ராத்திரி, சோறு தூக்கம் எல்லாம் போயிற்று இந்த முகூர்த்தத்தால். திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தனக்காக மெஷினையே ஏமாற்றப் பார்த்த ஒருத்தியை என்னவென்று திட்டுவது? பாசம் பொங்கிக்கொண்டு வந்தது.

பழைய துண்டை அழித்தாள். தேதியை ஆடிக்குக் கொண்டுவந்தாள். கையை விசையில் வைத்தவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"டீச்சர், இப்ப ராகு காலம். முடியுதவரைக்கும் பொறுத்தா பஸ் போயிரும். நீங்க சொல்லுங்க."

ராஜாம்பாள் கடிகாரத்தைப் பார்த்தாள், தொம்மையைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்து ஃபிளோராவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"போடுங்கோ. எது வந்தாலும் ரெண்டு பேருமாப் பாத்துக்கலாம்."

இந்தத் தடவை வரிகள் மளமளவென்று ஓடின. டீ வந்தது, ஆறியது, யாரும் தொடவில்லை. ஜன்னல் திறந்தது. கறுப்பு, பிறகு நீலம், பிறகு விண்டோஸ். மலரின் முதல் பக்கத்தில் மாதா சிரித்துக்கொண்டிருந்தாள். பிரிண்டர் முக்கி முனகி முதல் தாளைத் துப்பியது. தொம்மை செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

"எழுத்து கண்ணுல ஒத்திக்கிடலாம் போல இருக்கு தாயி" என்றார்.

மத்தியான பஸ் பக்கங்களோடு போயிற்று.

கொடியேற்றத்தன்று ராஜாம்பாள் முதன்முதலாக அந்தக் கடற்கரை ஊருக்கு வந்தாள். மணலில் எள் போட இடமில்லை. கைக்குக் கை மலர் போய்க்கொண்டிருந்தது. கொடி உச்சிக்குப் போனதும் தொம்மை மைக்கைப் பிடித்தார். உபயதாரர்களை எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"மலர அழகா கோத்துத் தந்தது நம்ம ஊருப் புள்ளைங்க ரெண்டு பேரு. ஃபிளோரா டீச்சர், ராஜாம்பாள் டீச்சர். ரெண்டு பேரும் மேல வாங்க."

ராஜாம்பாள் தயங்கி நின்றாள். ஃபிளோரா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடை ஏறினாள்.