உருளைக்கிழங்கோடு அப்பா செய்துகொண்ட சமாதானம்

எங்கள் அப்பா அளவெட்டிக் கிராமத்தில், புகையிலைத் தோட்டம் செய்த ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். அவருக்கு ஒரேயொரு தங்கை, எங்கள் மாமி. எண்பதுகளின் நடுவில் அகதியாக டென்மார்க் வந்த அப்பா, ஸ்கீவ என்ற சிறு நகரில் குடியேறி, ஓய்வுபெறும்வரை ஒரு சீஸ் தொழிற்சாலையில் உழைத்தார். புதிதாக வந்திறங்கிய எத்தனையோ பேரைத் தன் காரில் கொம்யூன் எனப்படும் நகரசபை அலுவலகத்துக்குக் கூட்டிச்சென்று படிவம் நிரப்பிக் கொடுத்தவர். அவருக்குக் கோபம் வேகமாக வரும். வந்த வேகத்திலேயே போயும் விடும்.

ஒன்றோடு மட்டும் அவரது கோபம் இருபது வருடங்களுக்கு மேல் நீடித்தது. அகதி முகாமின் முதல் குளிர்காலம் முழுவதும் அவித்த உருளைக்கிழங்குதான் சாப்பாடாம். "இனி இந்தச் சாமான் என்ர வீட்டுப் படியேறக் கூடாது" என்று சபதமெடுத்தார். மாமிக்கு எழுதிய கடிதங்களில் பாதி அதைப் பற்றிய முறைப்பாடுதான். ஒரே மகளான நான் உருளைக்கிழங்கைப் பள்ளிக்கூடத்தில் மட்டுமே கண்டு வளர்ந்தேன்.

2009 வைகாசியில் ஊரில் யுத்தம் முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. கடைசிச் சண்டை நடந்த வன்னியில் இருந்த மாமியிடமிருந்தும் அவரது இரண்டு பிள்ளைகளிடமிருந்தும் இரண்டு மாதமாக ஒரு தகவலும் இல்லை. அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தார். அம்மா சமைத்தவை சமைத்தபடியே கிடந்தன.

அந்தச் சனிக்கிழமை, ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த டேவிட் என்னைப் பெண்கேட்டு வீட்டுக்கு வருவதாக முன்னமே ஏற்பாடாகியிருந்தது. அவர் இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள நோர்தம்பர்லாந்தைச் சேர்ந்தவர். வரவேண்டாம் என்றேன். "ஒன்றும் கேட்க மாட்டேன். வந்து கூட இருக்கிறேன்" என்றார்.

வந்தவர், அம்மா தலையிடியோடு படுத்திருப்பதைக் கண்டதும் கடைக்குப் போனார். திரும்பியபோது கையில் ஒரு பை உருளைக்கிழங்கு! நான் தடுப்பதற்குள் தோலைச் சீவத் தொடங்கிவிட்டார். அவருடைய அம்மா வீட்டில் செய்கிற பான் ஹாகர்ட்டியாம். உருளைக்கிழங்கு, வெங்காயம், சீஸ் மூன்றையும் மெல்லிய வட்டங்களாக வெட்டி, பொரிக்கிற சட்டியில் அடுக்கடுக்காக வைத்து, குறைந்த நெருப்பில் அடி சிவக்கும்வரை விட்டுப் புரட்டுவது. அங்கே மாட்டுக் கொழுப்பில் செய்வார்கள். நான் அவசரமாக அம்மாவின் நெய்ப் போத்தலை நீட்டினேன்.

வெங்காய வாசனைக்கு அப்பா எழுந்து வந்தார். குவிந்திருந்த கிழங்கைப் பார்த்தார். பிறகு டேவிட்டின் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார்.

"தடிப்பு" என்றார் டெனிஷில். இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த அரைகுறை டெனிஷ்தான். சமையலறை மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, எந்த டெனிஷ் வீட்டிலும் இருக்கும் சீஸ் சீவுகிற கருவியை எடுத்தார். உருளைக்கிழங்கு கடதாசி போல மெல்லியதாக விழத் தொடங்கியது. "இருவது வருசமாய் சீஸோட மாரடிக்கிறன். எனக்கே சீவிக் காட்டுறார்" என்று எனக்குத் தமிழில் சொன்னார்.

புரட்டும் நேரம் வந்தது. அப்பா சட்டியைப் பிடிக்க, டேவிட் தட்டால் மூடினார். அப்பா பழக்கதோஷத்தில் தமிழில் எண்ணினார். "ஒண்டு, ரெண்டு..." எத்தனையில் புரட்டுவதென்று டேவிட்டுக்குத் தெரியவில்லை. ரெண்டிலேயே புரட்டிவிட்டார். பாதி தட்டில் விழுந்தது, பாதி அடுப்பில். அப்பா சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அழுகிறார் என்று நினைத்து அம்மா ஓடி வந்தார்.

அன்று அப்பா இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். பிறகு என்னிடம், "இவர் என்னவோ கேக்க வந்தவரெல்லே?" என்றார்.

"ஓம் அப்பா. மாமியின்ர சேதி வராமல் கேக்க மாட்டாராம்."

அப்பா டேவிட்டின் தட்டில் இன்னொரு துண்டை வைத்தார். "நல்ல பெடியன்" என்றார்.

பதினொரு நாள் கழித்து வவுனியாவிலிருந்து மாமியின் அழைப்பு வந்தது. மூன்று பேரும் உயிரோடு முகாமில் இருந்தார்கள். அப்பாவின் முதல் கேள்வி, "சாப்பிட்டனியோ?"

"நீங்கள் சாப்பிட்டீங்களோ அண்ணை?"

"ஓம். உருளைக்கிழங்கு."

"உருளைக்கிழங்கோ! நீங்களோ!" என்ற மாமியின் சிரிப்பு அறை முழுவதும் கேட்டது. அப்பாதான் அழுதார்.

அடுத்த ஆண்டு எங்கள் திருமணம் நடந்தது. பான் ஹாகர்ட்டி அப்பாவின் சனிக்கிழமைச் சமையலாயிற்று. பச்சைமிளகாயும் பெருஞ்சீரகமும் மெல்ல உள்ளே நுழைந்தன. டேவிட்டின் தாயார் வந்து ருசி பார்த்துவிட்டு, "இது பான் ஹாகர்ட்டி இல்லை" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேட்டார். அப்பா அதை ஒரு விருது போலச் சொல்லித் திரிந்தார்.

கண்மூடுவதற்கு முந்திய கடைசி ஏழு கிழமைகள் அப்பா ஓகூஸ் மருத்துவமனையில் இருந்தார். அவரை அன்போடு பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், தமையனின் கையைப் பிடித்திருக்கக் கிளிநொச்சியிலிருந்து பறந்து வந்த மாமிக்கும், தொழிற்சாலை நண்பர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவினருக்கும், இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் எழுதலாம். ஆனால் இந்த நினைவு மலரைப் பற்றியும் அப்பா கட்டிலில் இருந்தபடியே ஒரு கட்டளை இட்டிருந்தார். "பிள்ளை, கனக்க எழுதாத. சனத்துக்குப் பசிக்கும்."

எழுந்து வாருங்கள். இலை போட்டாயிற்று.