கார்னெட்டில் வெட்டிய பெயர்

எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அத்தனையிலும் என் பெயர் இருக்கிறது. எல்லாம் என் மாமனார் உபயம். நாங்கள் இருக்கிற அமெரிக்க ஊரான பேர்லேண்டில், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுபோகும் பாட்லக் விருந்துக்கு யார் வீட்டுக்குப் போனாலும் கொண்டுபோகிற பாத்திரம் ஒன்று, திரும்பி வருகிற பாத்திரம் வேறொன்று என்று என் மனைவி போனில் புலம்பியிருக்கிறாள். மனுஷர் சென்னையிலிருந்து வரும்போதே பெயர் வெட்டும் மெஷினைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். குக்கர், இட்லித் தட்டு, கரண்டி என்று ஒன்றையும் விடவில்லை.

அப்போது என் மகளிடம் ஒரு கார்னெட் இருந்தது. ட்ரம்பெட் மாதிரியே, கொஞ்சம் குட்டையான பித்தளை வாத்தியம். அவள் பள்ளி பேண்டில் வாசிக்கிறவள். பக்கத்து வீட்டு அமெரிக்கக் கிழவர் வேலியோரம் நின்று கேட்டுவிட்டு, அவராகவே கொண்டுவந்து இரவல் கொடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவருடைய கொள்ளுத்தாத்தா தன் கையால் செய்தது. விரிந்த வாய்ப்பக்கத்தில் அந்தக் கொள்ளுத்தாத்தாவின் பெயர் கொடிகொடியாகப் பொறித்திருக்கும். கிழவரின் பிள்ளைகள் யாரும் அதைத் தொட்டதில்லையாம். இவளோ அதைக் கீழே வைக்கவே மாட்டாள்.

ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்து பார்த்தால், கொள்ளுத்தாத்தா பெயருக்கு நேர் கீழே, முத்து முத்தான தமிழில், என் மகளின் பெயர்.

"ஸ்கூல்ல எல்லாரும் ஒரே மாதிரி வச்சிருப்பாங்க மாப்பிள்ளை. மாறிடக் கூடாதேன்னுதான்" என்றார் மாமனார்.

"தாத்தா, இட்ஸ் நாட் ஈவன் மைன்" என்று மகள் அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மாமனாரைத் திட்ட முடியுமா? மெஷினைத் தூக்கி கராஜில் போட்டேன்.

மறைக்க வழியில்லை. நானும் மகளும் எடுத்துக்கொண்டு போனோம். கிழவர் புது எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு மகள் எதையும் வாசிக்கவில்லை. தாத்தாவிடம் பேசவும் இல்லை. காலிங் பெல் அடித்தால் போதும், மாமனார் அறைக்குள் போய்விடுவார். அவரைப் பார்த்தால் எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழவர் கார்னெட்டோடு வந்து நின்றார். வாத்தியம் பழுதுபார்க்கிறவரிடம் காட்டினாராம். எழுத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம், ஆனால் தகடு மெலிந்து நாதம் மாறிப்போகும் என்றாராம் அவர்.

"கொள்ளுத்தாத்தா தட்டித் தட்டிக் கொண்டுவந்த சத்தம் இது. இதில் நான் கை வைக்க மாட்டேன். பெயர் இருந்துவிட்டுப் போகட்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கார்னெட்டை என் மகளிடம் நீட்டினார்.

சோபாவில் உட்கார்ந்து, வாசிக்கச் சொன்னார். நாளாயிற்றல்லவா, முதல் சுரமே பிசிறியது. அடுத்தது சரியாக வந்தது. சத்தம் கேட்டு மாமனார் அறையிலிருந்து வந்து, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் கதவோரம் நின்றார். கிழவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சோபாவில் நகர்ந்து இடம் விட்டார்.