தராசு ஏறும் வரை

சீனன்குடாவில் கிளாக்கர் வேலை. சோதனை பாஸ், நேர்முகமும் முடிந்தது. மிச்சம் மெடிக்கல் மட்டும்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதில் தவறினால் மீன்பிடி வள்ளத்தில்தான் ஏற வேண்டும். கடலில் எனக்குத் தலை சுற்றிச் சத்தி வரும் என்பது ஊருக்கே தெரியும்.

நான் ஒல்லி. நிறை காணாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று எங்கள் ஊர் சல்லியில் ஒரு கதை. அதனால் அக்காவின் புருசன், என் அத்தான், விடியவே ஒரு சீப்பு வாழைப்பழம் தின்ன வைத்து, மூன்று இளநீரும் குடிக்க வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

“தராசு ஏறும் வரைக்கும் ஒண்டுக்குப் போகப்படாது. சொல்லிப்போட்டன்.”

வாங்குப் பலகையில் மூன்று மணித்தியாலம் இருந்தோம். கூப்பிட்டதும் தராசு என்றுதான் நினைத்தேன். டொக்டரோ என் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். குழாயில் பாதரசம் ஏறியது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பிரஷர் கூட. வீட்டில ஆருக்கும் இருக்கோ?”

“எங்கட வீட்டில ஆரும் அளந்து பார்க்கேல்ல, ஐயா.”

“வெளியில இருங்கோ. இன்னொருக்காப் பாப்பம். குறையாட்டி பாஸ் பண்ண ஏலாது.”

உள்ளங்கை குளிர்ந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. நெஞ்சு அடிப்பது காதுக்குள் கேட்டது. இதெல்லாம் நான் பாடமாக்கியவைதான். பயம் வந்தால் சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பி அதிரினலினைச் சுரக்கும், இதயம் விரையும், குருதி அமுக்கம் கூடும், உடம்பு ஓடவோ சண்டை பிடிக்கவோ ஆயத்தமாகும். தம்பலகாமத்து யானையை உதாரணம் காட்டிச் சோதனையில் எழுதியிருந்தேன். இங்கே யானையுமில்லை, ஓட இடமுமில்லை. குறைய வேண்டும் என்று நினைக்க நினைக்க அடி கூடியது. அடிவயிறு வெடித்துவிடும்போல் இருந்தது.

“ஏலாது அத்தான்.”

“பல்லைக் கடிச்சுக்கொண்டிரு. மூண்டு இளநீர், தெரியுமோ?”

“பிரஷர் கூடவாம்.”

அவர் யோசித்தார். “அப்ப அரைவாசியை விட்டிட்டு மிச்சத்தை வைச்சிரு.”

“அதென்ன பைப்போ, பூட்டித் திறக்க?”

மறுபடி கூப்பிட்டார்கள். பட்டியை எடுத்த டொக்டரிடம் நான் கையை நீட்டவில்லை. பழம், இளநீர், தராசு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “அடக்கிக்கொண்டிருந்தாலே பிரஷர் ஏறும். அதோட பயமும். முதல்ல போயிட்டு வாங்கோ. பிறகு கொஞ்ச நேரம் கதைக்காம இருங்கோ.”

போய்வந்தேன். அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் தரம் பட்டி இறுகியது. காற்று மெல்ல மெல்ல இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“இப்ப பரவாயில்லை. தராசில ஏறுங்கோ.”

டொக்டர் குனிந்து முள்ளைப் பார்த்தார். எனக்குத் திரும்ப நெஞ்சு அடிக்கத் தொடங்கியது.

“மெலிவுதான். மூட்டை தூக்கப் போறீங்களோ?”

“இல்லை ஐயா, கிளாக்கர்.”

பேனையை எடுத்தார்.

வெளியே வந்தேன். அத்தான் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “பாஸ் எண்டு எழுதினவரோ? கண்ணால கண்டனியோ?”

“ஓம் அத்தான்.”

“அப்ப இதைப் பிடி.” தன் குடையை என் கையில் திணித்துவிட்டுக் கக்கூசுப் பக்கம் ஓடினார். என்னைக் கூப்பிடும் நேரம் தான் இல்லாமல் போய்விடுவோமோ என்று, காலையிலிருந்து அவரும் வாங்கை விட்டு அசையவில்லை.