மாலா டீச்சரின் முன்பாதம்

போன வாரம் எங்கள் பாடசாலை மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டாக இறங்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள்... கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

எல்லாம் மாலா டீச்சரால் வந்தது.

எங்கள் விளையாட்டுப் போட்டியில் ஆசிரியைகளுக்கும் ஓர் ஓட்டம் உண்டு. பரிசு ஒரு பிளாஸ்டிக் வாளி. வருடா வருடம் அது எனக்குத்தான். வாளியா பெரிது? மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி மைக்கில் என் பெயரைச் சொல்வார்களே — அதுதான் பெரிது!

மாலா பக்கத்து வகுப்பு டீச்சர், என்னைவிட இளையவர். விடுமுறையில் கொழும்பில் ஏதோ விளையாட்டுப் பயிற்சிக்குப் போய் வந்தவர், மைதானத்தில் ஓடிக் காட்டினார். குதிகால் தரையில் படவே இல்லை. முன்பாதம் மட்டும் தொட்டுத் தொட்டு எழும்புகிறது. சத்தமும் இல்லை. நான் ஓடினால் குதிகால் டமார் டமார் என்று விழும்.

"டீச்சர், மாலா டீச்சர் பறக்குறாங்க!" என்றாள் ஒரு பிள்ளை. அதுவும் என் வகுப்புப் பிள்ளை! எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

விடுவேனா? மறுநாள் விடியும்போதே றப்பர்த் தோட்டத்து ரோட்டில் இறங்கிவிட்டேன். எங்கள் தெரணியகலை மலைப்பக்கம் சமதரைக்கு எங்கே போவது? ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். இறக்கத்தில்தான் வேகம் வரும் என்று நுனிக்காலில் தடதடவென்று ஓடினேன். பிறந்ததிலிருந்து குதிகால் ஊன்றிய கால் ஒரே நாளில் மாறுமா? இரண்டொரு நாளில் கட்டிலைவிட்டு எழும்ப முடியவில்லை. கெண்டைக்கால் இரண்டும் அப்படியே இறுகிவிட்டன.

"புலியப் பாத்து பூனை சூடு போட்டுக்கிச்சாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"கொஞ்சம் பேசாம இருங்க!" என்று சீறினேன்.

போட்டிக்கு முதல் நாள் மாலாவே வீட்டுக்கு வந்தார். கையில் தைலப் போத்தல். "அக்கா, கால் வலின்னு கேள்விப்பட்டேன். இதத் தடவுங்க."

போத்தலில் பாதிதான் இருந்தது. "மிச்சத்த யாரு தடவினா?" என்றேன்.

மாலா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"நான்தான் அக்கா. எனக்கும் கெண்டைக்கால் கல்லு மாதிரி ஆயிருச்சு. வருசா வருசம் மைக்குல உங்க பேரையே சொல்றாங்கன்னு ஒரே வயித்தெரிச்சல். உங்கள முந்தணும்னுதான் இத பழகினேன். கொஞ்சங் கொஞ்சமாத்தான் மாத்தணும்னு கொழும்புல சொன்னாங்க... நான் எங்க கேட்டேன்?"

என்மீதும் ஒருவருக்குப் பொறாமையா! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — வாளி வாங்கியபோதுகூட எனக்கு அப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை.

மறுநாள் இருவரும் ஓடினோம். நொண்டினோம் என்பதே சரி. எங்களைத் தாண்டி, குதிகால் அதிர அதிர ஓடி முதலாவதாக வந்தவர் யார் தெரியுமா? சிங்களம் படிப்பிக்கும் சுமனா மிஸ். செருப்பைக் கழற்றிக் கையில் வேறு பிடித்திருந்தார்!

"அனே, மம நிக்கங் திவ்வா" என்று சிரிக்கிறார். சும்மா ஓடினாராம்!

மைக்கில் திரும்பத் திரும்ப அவர் பெயர். மாலா என் கையைக் கிள்ளினார். "சும்மா ஓடினாங்களாம் அக்கா... பாத்தீங்களா?"

பார்த்தேன், பார்த்தேன். இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்தேதான் பொறாமைப்படுகிறோம். தனியாகப் படுவதைவிட இது எவ்வளவோ சுகம்!