வலைக்கொடி ஆடிய பக்கம்

பழவேற்காட்டு மீனவர் முகைதீனின் மகள் நுஸைபா, விமான நிலையத்தில் விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்புகளை எழுதி அனுப்புபவர்.

அன்று காலை தெற்கே ஓர் அணு உலையில் கசிவு ஏற்பட்டது. காற்று கடலை நோக்கி வீசுவதாக ஒன்பது மணி அளவீடு சொன்னது. அதன்படி கடல்மேல் வான்வழியை மூடி, விமானங்களை நிலத்தின்மேல் திருப்பும் அறிவிப்பை நுஸைபா எழுதி முடித்தார். சீக்கிரம் அனுப்பச் சொல்லி மேலதிகாரி பக்கத்திலேயே நின்றார்.

மணி பத்தே முக்கால். கடல்காற்று ஏறியிருந்தால் கதிர்த்தூசி நிலத்தின் பக்கம், அந்த விமானங்களின் பாதைக்கே வந்துவிடும். முகத்துவாரத்தில் வலை மிதக்கும் இடத்துக்கு அடையாளக் கொடி வைத்துவிட்டுப் படகில் இருந்த தகப்பனை அழைத்தார்.

"வாப்பா, அங்க காத்து எப்பிடி?"

"இன்னாம்மா, ஆபீஸ்ல ஏசி நின்னுபோச்சா?"

"வெளாடாத வாப்பா. வலைக்கொடி எந்தப் பக்கம் ஆடுது?"

"கரைப்பக்கம். இப்பதான் திரும்புச்சு."

தகப்பன் சொன்னதை அறிவிப்பில் எழுத முடியாது. உலைப் பக்கத்து வானிலை அலுவலரை அழைத்தார்.

"ஒன்பது மணிக்குத்தானேம்மா அளந்தோம்?"

"இப்ப ஒரு தடவை அளங்க சார். லைன்லயே இருக்கேன்."

ஆறு நிமிடம் கழித்துப் பதில் வந்தது. அங்கேயும் காற்று கடலிலிருந்து வீசியது. நுஸைபா நிலப் பக்கத்தையும் மூடி அறிவிப்பை அனுப்பினார். மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த விமானம் பாதி வழியில் திரும்பித் திருச்சியில் இறங்கியது.