கடைசித் தோட்டத்துக்குச் சோழர்கள் வந்தது

சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா வளைவுகளில் ஏறி இறங்கி, கோலா கிளாவாங்கைத் தாண்டி, செம்மண் பாதையில் இன்னும் முக்கால் மணி நேரம் போனால் சுங்கை கெரிங் தோட்டம் வரும். அதற்கப்பால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் பகாங் மாநிலம். தமிழர் குடியிருப்பு அங்கே முடிந்துவிடுவதால் ஜெலுபு வட்டாரத்தில் அதைக் கடைசித் தோட்டம் என்பார்கள். கைப்பேசியில் பேச வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டிமேல் ஏற வேண்டும். தேர்தல் நேரத்தில் மட்டும் வேட்பாளர்கள் எப்படியோ வழி கண்டுபிடித்து வந்துவிடுவார்கள்.

ராதா அங்கேதான் பிறந்தார். பதினான்கு வயதில் ரப்பர்ப் பால்மரம் சீவப் போனார். பால்மரத்தை அழித்து எண்ணெய்ப் பனையான செம்பனை வைத்தபோது உரம் போட்டார். கணவர் ஆறுமுகம் செம்பனைப் பழ லோரி ஓட்டியவர். மாரடைப்பில் அவர் போனபின், அவரிடம் கற்றிருந்த ஓட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு பழைய வேனை வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றத் தொடங்கினார். இருபது வருடமாக அதே பாதைதான். அதிகாலை ஐந்தரைக்கு ஆற்றின் மேல்பக்கம் தெமுவான் பழங்குடிக் கிராமம், பிறகு தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம், பிறகு வயல் ஓரத்து மலாய்க்காரர் கிராமமான கம்பம், கடைசியாக ஈயம் தோண்ட வந்து தங்கிவிட்ட சீனர்களின் கடைத்தெரு. அந்த வட்டாரத்தில் யார் எப்போது வந்தார்கள், எந்தக் குட்டை ஈயம் எடுத்த பள்ளம், எந்த மரம் யாருடைய பாட்டன் நட்டது என்பதெல்லாம் ராதாவுக்கு வேன் ஓட்டியே தெரியும். யாரும் அவரிடம் கேட்டதில்லை.

நான் அப்போது சிரம்பானில் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். இந்தக் கதையில் அசட்டுத்தனத்துக்குப் பரிசு கொடுத்தால் இரண்டாவது பரிசு எனக்குத்தான். முதல் பரிசு யோகேந்திரனுக்கு.

சிரம்பான் ரஹாங்கில் பெரிய வீடு, லோபாக்கில் தளவாடக் கடை, எல்லைப்புறத் தமிழர் வரலாற்று மீட்பு மன்றத்தின் தலைவர் பதவி: இவை மூன்றும் சேர்ந்தவர் யோகேந்திரன். மன்றத்தில் உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர், அவர்களில் ஒன்பது பேர் துணைத்தலைவர்கள். இந்நாட்டின் உட்காட்டு எல்லைவரை சோழர் வந்திருக்கிறார்கள் என்று நிரூபிப்பது அவருடைய வாழ்நாள் ஆசை. ஒரு சனிக்கிழமை அவர் கடைசித் தோட்டத்துக்குப் படகு மாதிரியான ஒரு காரில் வந்தார். மலைவளைவில் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். முகம் கழுவ லயத்துப் பொதுக் குழாயடிக்குப் போனவர், அங்கிருந்த கல்லைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கல்லின் பக்கவாட்டில் எழுத்துகள் இருந்தன.

பாதிக்குமேல் தேய்ந்துபோய் மிஞ்சியிருந்தவை மூன்று துண்டுகள்தான்: 'ங்கே', 'சி', 'பா'. யோகேந்திரன் மண்டியிட்டு விரலால் தடவினார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"கங்கை கொண்டவன். சிங்கம் போன்றவன். பாண்டியனை வென்றவன்," என்றார்.

மூன்று துண்டுக்கு இவ்வளவு பொருள் கண்டவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆனாலும் எழுதினேன். 'ஜெலுபு காட்டில் சோழர் கல்வெட்டு' என்று முதல் பக்கத்தில் வந்தது.

அந்தக் கல்லைப் பற்றி லயத்தில் பதினேழு குடும்பத்துக்கும் தெரியும். ராதாவின் அப்பா முனியாண்டி தோட்டத்துக் கொத்தனார். எண்பத்து மூன்றாம் வருடம், துணி துவைக்க நல்ல கல் இல்லையென்று பெண்கள் புலம்பியதால், மிஞ்சிய சிமென்டில் கம்பி வைத்து அதை வார்த்தார். வெற்றிலை போடுகிறவர்கள் குழாயடியைச் சிவப்பாக்கி வைத்திருந்ததால், ஈரம் காய்வதற்குள் ஆணியால் 'இங்கே எச்சில் துப்பாதே' என்று கீறினார். பன்னிரண்டு வயது ராதா பக்கத்தில் நின்று, 'எச்சில்' என்பதற்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அப்படியும் எல்லாரும் துப்பினார்கள்.

இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் யோகேந்திரன் வருவதற்கு ஒரு மாதம் முன்புதான் தோட்டம் கைமாறியிருந்தது. வாங்கிய நிறுவனம் செம்பனையை அழித்து டுரியான் பழமரம் வைக்கப் போகிறதாம். லயத்தை மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டுமென்று ஒவ்வொரு கதவிலும் கடிதம் ஒட்டியிருந்தார்கள். இரண்டு தலைமுறை உழைத்த இடத்தில் ஆளுக்கு ஒரு துண்டு மனை கேட்டுப் பதினைந்து வருடமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள் அந்தப் பதினேழு குடும்பத்தார். மனுவுக்குப் பதில் வந்ததில்லை. ஒரு நிருபரும் போனதில்லை, நான் உட்பட.

கல்லுக்குப் போனோம். மறு ஞாயிற்றுக்கிழமை நூறு பேர், மூன்று பஸ், ஒரு நாதஸ்வரக் குழு, இரண்டு தொலைக்காட்சிக் கேமரா. குழாயடியைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டினார்கள். துவைக்க வந்த பெண்கள் வாளியோடு திரும்பிப் போனார்கள். கல்லுக்கு மாலை போட்டுப் பால் ஊற்றியபோது அது லேசாக நுரைத்தது. நாற்பது வருடச் சவர்க்காரம் வேறென்ன செய்யும்! யோகேந்திரன் கைகூப்பி, "தெய்வீகம்!" என்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பிறகு ராதாவை மேடைக்கு அழைத்தார்கள். தோட்டத்தில் மைக்கைப் பார்த்துப் பயப்படாதவர் அவர் ஒருவர்தான்.

"இந்தக் கல்லு எவ்வளவு காலமா இங்க இருக்கும்மா?" என்று யோகேந்திரன் கேட்டார்.

ராதா கல்லைப் பார்த்தார். கதவில் ஒட்டிய கடிதங்களோடு வரிசையாக நின்ற லயத்தைப் பார்த்தார். முன்வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பதினாறு குடும்பமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எங்கப்பா காலத்துக் கல்லு சார்," என்றார்.

"கேட்டீங்களா! மூதாதையர் காலம்!" என்று யோகேந்திரன் முழங்கினார். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

செய்தி பரவியதில் ஒரு நல்லது நடந்தது. கல்லின் உண்மை தெரியும்வரை தோட்டத்தில் எந்த இயந்திரமும் இறங்கக் கூடாது என்று மாநில அரசு தடை போட்டது. புல்டோசர் இரண்டும் பாதையோரம் நின்று துருப்பிடிக்கத் தொடங்கின. ஆராய்ச்சி செய்ய ஒரு தனியார் ஆய்வு நிறுவனத்திலிருந்து ஃபர்சானா வந்தாள். வயது இருபத்தேழு. லோபாக்கில் சாப்பாட்டுக் கடை நடத்தும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண், தொல்லியல் படித்தவள். கல்லின் உடைந்த மூலையைக் கைவிளக்கால் பார்க்க அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"அக்கா," என்று கூப்பிட்டாள். "சோழருங்க கம்பி வெச்சு கான்கிரீட் போட்டாங்களா?"

ராதா அவளை வீட்டுக்குள் கூட்டிப்போய்த் தேநீர் கலந்து கொடுத்து எல்லாவற்றையும் சொன்னார். 'எச்சில் துப்பாதே'க்கு வந்தபோது ஃபர்சானாவுக்குப் புரையேறிவிட்டது.

"ரிப்போர்ட் எப்ப குடுக்கணும்மா?"

"ரெண்டு வாரத்துல அக்கா. நான் பொய் எழுத மாட்டேன். எழுதினா என் வேலை போயிரும்."

"யாரு பொய் எழுதச் சொன்னா? மெதுவா எழுதுன்னு சொல்றேன். எல்லாம் சரியா இருக்கணும்தானே லா?"

ஃபர்சானா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "சேம்பிள் எடுத்து லேப்புக்கு அனுப்பணும். இங்கயே அனுப்பினா பத்து நாள். இல்லன்னா ஆஸ்திரேலியாவுல ஒரு லேப் இருக்கு. ரொம்ப நல்ல லேப். ஆறேழு மாசம் ஆகும்."

"நல்ல லேப்புக்கே அனுப்பும்மா," என்றார் ராதா.

அனுப்பினாள். விதிமுறைப்படி, மூன்று பிரதியில் கையெழுத்திட்டு.

அந்த ஏழு மாதத்தில் யோகேந்திரன் நான்கு பாராட்டு விழா கண்டார், நான்கிலும் அவருக்கே பாராட்டு. தோட்டத்தை வாங்கிய நிறுவனத்துக்கோ ஒவ்வொரு வாரமும் நஷ்டம். பகாங் பக்கத்து நாற்றங்காலில் பல்லாயிரம் டுரியான் கன்றுகள் பையைக் கிழித்துக்கொண்டு வளர்ந்துகொண்டிருந்தன. ஐந்தாவது மாதம் அவர்களுடைய மேலாளர், வெள்ளைக் காலணியில் செம்மண்ணோடு, ராதாவின் வாசலில் வந்து நின்றார்.

"கல்லு முடிவு வர்றப்ப வரட்டும், அதுக்குள்ள நீங்க போனா போதும். என்ன வேணும்?" என்று மலாயில் கேட்டார்.

ராதா பதினைந்து வருட மனுக்களைப் பிளாஸ்டிக் பையோடு எடுத்துவந்து மேசையில் வைத்தார். "இதுல எல்லாமே எழுதியிருக்கு. நாங்க புதுசா எதுவும் கேக்கல."

பாதையோரமாகப் பதினேழு மனை, ஒவ்வொன்றிலும் மூன்றறை வீடு, தண்ணீர், மின்சாரம், பட்டா. வழக்கறிஞர் முன்னால் கையெழுத்தானது. ஏழாவது மாதம் ஆஸ்திரேலியாவிலிருந்து முடிவு வந்தது: போர்ட்லேண்ட் சிமென்ட், சுமார் நாற்பது ஆண்டு. ஃபர்சானாவின் அறிக்கையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. யோகேந்திரன் அது சதி என்றார். வெள்ளைக்காரனுக்குச் சோழர்மேல் பொறாமை என்றார். லோரி வைத்துக் கல்லை ரஹாங்குக்கு எடுத்துப்போய் மன்றத்தின் முகப்பில் நிறுத்திவிட்டார். இன்றும் அங்கே தினமும் மாலை விழுகிறது. துவைக்கக் கல் இல்லாமல் போன லயத்துப் பெண்களுக்கு மன்றம் ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தது. பதினேழு குடும்பத்துக்கும் சேர்த்து ஒன்று.

இத்தோடு நான் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ராதா நிறுத்தவில்லை.

டுரியான் நிலம் லயத்தோடு முடியவில்லை. ஆற்றின் மேல்பக்கம், தெமுவான் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பழமரம் பேணிய சரிவும் வரைபடத்தில் நிறுவனத்தின் நிறத்தில் இருந்தது. புல்டோசர்கள் துரு தட்டிக்கொண்டு அங்கே ஏறின. தெமுவான் மக்களின் தலைவர் பாத்தின் லாசிம், ராதாவின் வேனில் இரண்டு பேரப்பிள்ளைகளை அனுப்புகிறவர். விழா நாளில் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்தவர்.

"உங்க ராஜா படையோட இங்க வந்தப்ப எங்க தாத்தனுக்குத் தாத்தன் எங்க இருந்தானாம்?" என்று ராதாவிடம் அப்போதே மலாயில் கேட்டிருந்தார். "வழி காட்டினது யாருன்னு கல்லுல எழுதலையா?"

அப்போது சிரித்த ராதாவுக்கு இப்போது சோறு இறங்கவில்லை. புது வீட்டுக்குக் குடிபோன வாரமே சிரம்பானுக்கு வேனை எடுத்துக்கொண்டு போய் யோகேந்திரனைப் பார்த்தார். நான் அப்போது அங்கே ஐந்தாவது பாராட்டு விழாவுக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

"தலைவரே, அந்த மேட்டு ஜனங்க அங்க எல்லாருக்கும் முன்னால வந்தவங்க. அவங்க மரத்த வெட்டுறாங்க. உங்க மன்றம் பேர்ல ஒரு லெட்டர் போட்டாக்கூடப் போதும்."

யோகேந்திரன் வருத்தமாகத் தலையசைத்தார். "நல்ல விஷயம்தாம்மா. ஆனா அது நம்ம சப்ஜெக்ட் இல்லையே. அவங்ககிட்ட கல்வெட்டு ஏதாச்சும் இருக்கா?"

"மரம்தான் சார் இருக்கு. அதைத்தான் வெட்டுறாங்க," என்றார் ராதா.

யோகேந்திரன் கடிகாரத்தைப் பார்த்தார். ராதா என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டை மூடினேன். அன்றைக்கு வாசல்வரை அவர் பின்னால் போய், வேனுக்குப் பக்கத்தில் நின்று, கல்லைப் பற்றிய உண்மையைக் கேட்டேன். சொன்னார். "நீங்க அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன் தம்பி. நீங்கதான் அவர்கிட்டயே கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

தெமுவான் சரிவைப் பற்றி நான் எழுதிய செய்தி பதினொன்றாம் பக்கத்தில், தங்க நகை விளம்பரத்துக்குக் கீழே, நான்கு விரல் அகலத்தில் வந்தது. பாதி மரங்கள் போய்விட்டன. ஃபர்சானா விடுமுறை நாட்களில் வந்து, மீதியிருக்கும் மரங்களுக்கு எண் போட்டு, எது யாருடைய பாட்டன் வைத்தது என்று பாத்தின் சொல்லச் சொல்ல வரைபடம் வரைகிறாள். சம்பளமில்லாத வேலை. அந்த வரைபடத்தோடு வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

வழக்கு நாட்களில் ராதா பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அதே வேனில் பாத்தினையும் அவர் ஆட்கள் எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு சிரம்பான் நீதிமன்றத்துக்குப் புக்கிட் தங்கா இறங்குகிறார். மூன்று முறை போயிருக்கிறார்கள். மூன்று முறையும் தேதி தள்ளிப்போய்விட்டது. வளைவுகளில் பாத்தினுக்கு வாந்தி வருமென்று முன்சீட்டை அவருக்கே ஒதுக்கிவிடுகிறார். அடுத்த தேதி இந்த வியாழக்கிழமை.